மருந்து ஆராய்ச்சியில் சேர கு.க. ஆபரேஷன் கட்டாயமா?

“மதினி, புது மருந்து ஆராய்ச்சியில சேரணும்னா குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியிருக்கணுமாம்லா?” முக்கூடலில் பீடி சுற்றும் பக்கத்து வீட்டுத் தங்கச்சி கேட்டாள். கட்டாயம் இல்லை. மருந்து உடம்பில் இருக்கும் காலத்தில் கரு உண்டாகக் கூடாது, பெரும்பாலும் அவ்வளவுதான் நிபந்தனை. சில முதல்கட்ட ஆராய்ச்சிகள் கரு உண்டாக வாய்ப்பே இல்லாதவர்களை மட்டும் எடுக்கும். அப்படியென்றால் அதை விட்டுவிடுங்கள். அதில் இடம் பிடிக்க ஆபரேஷன் செய்துகொள்ளவே கூடாது.

நிபந்தனைக்குக் காரணம் இருக்கிறது. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு மாத்திரையைக் கர்ப்பிணிகள் மசக்கைக்குச் சாப்பிட்டார்கள். 1961-ல் அதை நிறுத்துவதற்குள் கை கால் வளராத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்துவிட்டன.

காப்பர் டி வைத்திருந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பாளை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலும் இலவசமாகவே வைத்துவிடுவார்கள். ஆணுறை மட்டும் என்றால் பல ஆராய்ச்சிகளில் போதாது. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் போன்ற மருந்துகள் அந்த மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியிருந்தால் டிஸ்சார்ஜ் கார்டைக் கொண்டுபோங்கள். அப்படியும் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யலாம். உங்களைச் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைத்து வருத்தப்பட வேண்டாம். கணவர் வாசெக்டமி (ஆண்களுக்கான கு.க. ஆபரேஷன்) செய்திருந்தால், மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் விந்தணு இல்லை என்று வந்த பிறகுதான் அது கணக்கு. ஆராய்ச்சியில் சேர்வது ஆண் என்றாலும், மருந்தைப் பொறுத்து, கடைசி டோஸுக்குப் பின்னும் சில மாதம் ஆணுறை போடச் சொல்வார்கள்.

அப்புறம் உரிமைகள். 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் தர வேண்டும். கருவுக்கு என்ன ஆபத்து வரலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். சேர்வது நீங்கள், கையெழுத்தும் உங்களுடையது. கணவரோ மாமியாரோ உங்களுக்காகச் சம்மதம் சொல்ல முடியாது. எந்த நாளும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. தாயோ தந்தையோ ஆராய்ச்சியில் இருந்ததால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குப் பாதிப்பு வந்தால், அதற்கும் இழப்பீடு உண்டு. இதைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

நாள் தள்ளிப்போனால் மறைக்காதீர்கள், அன்றைக்கே ஆராய்ச்சி டாக்டருக்குப் போன் போடுங்கள். அவர் நம்பரும், ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் நம்பரும் படிவத்திலேயே இருக்கும். கையெழுத்துப் போட்டதும் படிவத்தின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.