கிணற்றையும் பாதையையும் எழுதாத பாகப்பிரிவினை

நாலு ஏக்கர் தோட்டம், மூன்று பிள்ளைகள், வடகோடியில் ஒரே கிணறு. நிலத்தை அளந்து கல் நட்டுவிடலாம், தண்ணீரை எப்படி நடுவது? பல பத்திரங்கள் இதை "சகல பாத்தியங்களுடன்" என்ற ஒற்றை வரியில் கடந்துபோகின்றன. அப்பா இருக்கும்வரை அது போதும். பிறகு கோடையில் வம்பு தொடங்கும்.

கிணறு எந்த சர்வே எண்ணில், எந்த உட்பிரிவில் இருக்கிறது, யாருக்கு எத்தனை பங்கு, முறை எத்தனை நாளுக்கு ஒருமுறை, தூர் வாரவும் மோட்டார் காயில் கட்டவும் யார் எவ்வளவு தருவது, இலவச மின் இணைப்பின் எண் என்ன, எல்லாம் பத்திரத்தில் வரட்டும். கடைசி வயலுக்குப் போகும் குழாய் அடுத்தவர் நிலத்தடியில் போனால் அதையும் எழுதுங்கள். வண்டிப்பாதைக்கு அகலம் குறிப்பிடுங்கள். டிரெய்லரோடு டிராக்டர் திரும்ப 12 அடியாவது வேண்டும்.

அளவில் ஒரு பொறி உண்டு. பழைய பத்திரம் சென்ட்டில், பட்டா மெட்ரிக் அளவான ஏர்ஸில் இருக்கும். 1 ஏர்ஸ் சுமார் 2.47 சென்ட். கணக்குத் தப்பினால் புலப்படமும் (சர்வே வரைபடம்) பத்திரமும் ஒத்துப்போகாமல் உட்பிரிவு செய்யும் வேலை நின்றுவிடும்.

வெள்ளைத்தாளில் கூர்ச்சீட்டு, அதாவது யாருக்கு எந்தப் பங்கு என்ற பட்டியல், எழுதி ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்வது ஊர்வழக்கம். பிரிவினையையே அந்தத் தாளில் செய்தால் பதிவு கட்டாயம். பதியாமல் விட்டால் கூட்டுப் பட்டா அப்படியே கிடக்கும், பயிர்க்கடனுக்கு எல்லோரும் கையெழுத்திட வேண்டிவரும்.

"பொண்ணுக்குத்தான் நகை போட்டாச்சே" என்பது சட்டத்தில் செல்லாது. இந்து கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு உண்டு. இதற்கான சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. அக்கா தங்கைகள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் விடுதலைப் பத்திரம் பதியுங்கள். வாய்ச்சொல்லை அவர்களின் பிள்ளைகள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பூர்வீகச் சொத்து முழுவதையும் அப்பா ஒரே மகனுக்கு உயில் எழுதவும் முடியாது, அவர் பங்கை மட்டுமே எழுதலாம்.

உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை. உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் தானசெட்டில்மென்ட் அப்படியல்ல, கொடுத்தால் கொடுத்ததுதான். அதை எழுதும் பெற்றோர் ஆயுட்கால அனுபவ உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொள்வது நல்லது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே சேர்க்க வேண்டும். அது இருந்தால்தான் பிள்ளை கைவிடும்போது 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவைக் காட்டிக் கோட்டாட்சியரிடம் வலுவாக நிற்க முடியும்.