'டிஜிட்டல் ஆம்ப்ளிஃபையர்': பெயரில் உள்ள பிழையும் பெட்டியில் உள்ள சரக்கும்

உள்ளங்கையில் அடங்கும் ஓர் அலுமினியப் பெட்டி. முன்னால் ஒரு குமிழ், பின்னால் ஸ்பீக்கர் கம்பி மாட்ட நான்கு முனைகள், தனியாக ஓர் அடாப்டர். அட்டைப்பெட்டியின் மேல் 'டிஜிட்டல் ஆம்ப்ளிஃபையர், 100 வாட்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் இதை வீட்டில் பாட்டுக் கேட்க நம்பி வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்பதே என் பதில். ஆனால் அட்டையில் அச்சிட்ட மூன்று செய்திகளில், 'டிஜிட்டல்' பிழை, '100 வாட்' பெரும்பாலும் கற்பனை. மிஞ்சும் 'ஆம்ப்ளிஃபையர்' மட்டுமே உண்மை. அந்த உண்மையான சொல்லுக்குத் தமிழில் வைத்திருக்க வேண்டிய பெயரை வேறொரு கருவி எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

முதலில் அந்தச் சொல்லைப் பார்க்கலாம். லத்தீனில் 'ஆம்ப்ளுஸ்' என்றால் அகன்றது, பெரியது. அதோடு 'செய்' என்னும் வினை சேர்ந்து, பெரிதாக்குதல் என்ற பொருளில் 'ஆம்ப்ளிஃபிகாரே' பிறந்தது. மின்சாரத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இது பேச்சுக்கலைச் சொல்லாக இருந்தது. ஒரு செய்தியை விரித்தும் உயர்த்தியும் சொல்வதற்கு ரோமானியப் பேச்சாளர்கள் வைத்த பெயர் அது. 1906இல் லீ டி ஃபாரஸ்ட் உருவாக்கிய ஆடியான் வெற்றிடக் குழலும் அதன் வழிவந்த குழல்களும் மெல்லிய மின்குறிப்பை வலிய மின்குறிப்பாக மாற்றத் தொடங்கிய பிறகே, அந்தச் சொல் கருவியின் பெயராக நிலைபெற்றது.

தமிழில் இதற்கு மூன்று பெயர்கள் உலவுகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கு 'பெருக்கி'. கலைச்சொல் பட்டியல்களிலும் இணையக் கட்டுரைகளிலும் 'மிகைப்பி' உண்டு. இலங்கைப் பாடநூல் வழக்கு 'விரியலாக்கி'. மூன்றில் மூலத்துக்கு மிக அருகில் நிற்பது இலங்கைச் சொல்தான். 'ஆம்ப்ளுஸ்' என்பதில் உள்ள அகலம் 'விரி'யில் அப்படியே இருக்கிறது. 'மிகைப்பி'யில் எனக்குத் தயக்கம் உண்டு. மிகை என்றாலே தேவைக்கு மேல் என்ற நெடி வந்துவிடுகிறது, மிகைப்படுத்துதல் என்றால் பொய்க்குப் பக்கத்து வீடு. (வாட் கணக்கைப் பார்க்கும்போது சில பெட்டிகளுக்கு அதுதான் பொருத்தமோ என்றும் தோன்றும்.) 'பெருக்கி'க்கும் குறை உண்டு. கணக்குப் பாடத்தில் அது வேறொன்று, வீட்டு வேலையில் வேறொன்று. ஆனாலும் ஆடிப்பெருக்கு கொண்டாடும் மக்களுக்கு, நீர் பெருகுவதுபோல் ஒன்று பெருகுவதை அந்தச் சொல் விளக்கமில்லாமலே காட்டிவிடுகிறது.

சிக்கல் 'ஒலிபெருக்கி'யில் வருகிறது. கோயில் திருவிழா, தேர்தல் கூட்டம், கூம்பு ஒலிபெருக்கிக்குத் தடை என எங்கு பார்த்தாலும் இந்தச் சொல் ஸ்பீக்கரைத்தான் குறிக்கிறது. ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. வந்து சேரும் மின்குறிப்பை ஒலியாக மாற்றுவது மட்டுமே அதன் வேலை. பெருக்குகிற வேலை முழுவதும் மேடைக்குப் பின்னால் மேசைமேல் இருக்கும் பெட்டியில் நடக்கிறது. மைக் செட் வைப்பவர்கள் இந்தக் குழப்பத்தில் மாட்டுவதே இல்லை. அவர்களுக்கு அது 'ஆம்ப்ளிஃபையர்', இது 'குழாய்' அல்லது 'பாக்ஸ்'. பேச்சுவழக்கு பிரித்து வைத்ததை எழுத்துவழக்கு கலந்துவிட்டது. இனி மாற்ற முடியாது. ஒலிபெருக்கி ஸ்பீக்கராகவே இருக்கட்டும். பெட்டியைப் 'பெருக்கி' என்றோ 'திறன் பெருக்கி' என்றோ சொன்னால் போதும்.

இனி 'டிஜிட்டல்'. லத்தீனில் 'டிகிட்டுஸ்' என்றால் விரல். விரலால் எண்ணியதால் எண்ணின் இலக்கத்துக்கும் அதே பெயர் வந்தது. விரல்விட்டு எண்ணுதல் நமக்கும் புதிதல்ல. எண்களாகப் பதிந்து, எண்களாகவே கையாளப்படுவது எதுவோ அது டிஜிட்டல். இதைத் தமிழில் எண்ணியல், இலக்கமுறை, எண்ணிமம் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். எந்தச் சொல்லை எடுத்தாலும் உள்ளே எண் இருக்க வேண்டும். நம் மலிவுப் பெட்டியின் பெருக்கும் பகுதியில் எண் எதுவும் இல்லை.

அதன் உண்மையான பெயர் 'கிளாஸ் டி'. தமிழில் 'டி வகைப் பெருக்கி' எனலாம். ஏ, பி, ஏபி, சி என்று பெருக்கிகளை வகைப்படுத்தி வந்தவர்கள், அடுத்து வந்த வகைக்கு அடுத்த எழுத்தை வைத்தார்கள். அவ்வளவுதான். டிஜிட்டலின் முதல் எழுத்தும் அதுவாக அமைந்தது தற்செயல். வணிகத்துக்கு அந்தத் தற்செயல் மிகவும் வசதியாகப் போய்விட்டது.

அது வேலை செய்யும் விதத்தை, பழைய மின்விசிறி ரெகுலேட்டரைத் தெரிந்தவர்கள் எளிதில் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கனமான பெட்டி, வேகத்தைக் குறைப்பதற்காக மின்சாரத்தில் ஒரு பங்கைத் தானே விழுங்கிச் சூடாகும். அதன்பின் வந்த சிறிய எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்சாரத்தை நொடிக்குப் பல முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது, சூடு மிகக் குறைவு. ஏபி வகைப் பெருக்கி அந்தக் கனமான ரெகுலேட்டரைப் போன்றது. அதன் டிரான்சிஸ்டர்கள் எப்போதும் பாதி திறந்த நிலையில் நின்று மின்சாரத்தை மட்டுப்படுத்துகின்றன. மட்டுப்படுத்தியதெல்லாம் வெப்பமாகப் போகிறது. அதனால்தான் பின்பக்கம் அத்தனை பெரிய அலுமினியத் தகடுகள். டி வகையில் டிரான்சிஸ்டருக்கு இரண்டே நிலைகள், முழுதாகத் திறப்பு அல்லது முழுதாக அடைப்பு. உள்ளே வரும் பாட்டின் அலையை ஒரு முக்கோண அலையோடு ஒப்பிட்டு, அலை உயர்ந்திருக்கும்போது துடிப்பை அகலமாகவும் தாழ்ந்திருக்கும்போது குறுகலாகவும் வெட்டுகிறார்கள். இதற்குத் துடிப்பகலப் பண்பேற்றம் என்று பெயர். இந்த வெட்டு நொடிக்கு ஏறக்குறைய நான்கு லட்சம் முறை நடக்கிறது. மனிதக் காதின் எல்லை இருபதாயிரம் அதிர்வு. வெளியே ஒரு கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்து அந்த வேக வெட்டை வடிகட்டிவிட, பாட்டு மட்டும் ஸ்பீக்கருக்குப் போகிறது. கொடுத்த மின்சாரத்தில் தொண்ணூறு சதவீதம்வரை ஸ்பீக்கருக்கே போய்ச் சேரும். ஏபியைவிடச் சிக்கனமான பி வகையின் கோட்பாட்டு உச்சமே 78.5 சதவீதம்தான்.

இருநிலை என்றவுடன் பூஜ்யம், ஒன்று என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் பெயர்ப் பிழை நுழைகிறது. துடிப்பின் உயரத்துக்கு இரண்டு மதிப்புகள் உண்டு. அகலத்துக்கு எந்த மதிப்பும் வரலாம். செய்தி இருப்பது அகலத்தில். எனவே இது படிக்கட்டு இல்லாத, தொடர்ச்சியான அனலாக் முறை. எண்களை நேரடியாக வாங்கித் துடிப்பாக மாற்றும் உண்மையான டிஜிட்டல் பெருக்கிகளும் உண்டு. 1990களின் இறுதியில் வந்த டென்மார்க்கின் டாக்ட் மில்லேனியம் அப்படிப்பட்டது; அது மலிவுச் சரக்கு அல்ல.

டி வகையின் கருத்து 1950களிலேயே வந்துவிட்டது. அதைப் பிரிட்டன் பொறியாளர் அலெக் ரீவ்ஸின் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். 1964இல் சின்க்ளேர் நிறுவனம் எக்ஸ்-10 என்ற பெயரில் நாமே இணைத்துக்கொள்ளும் சாதனமாக விற்றது. பெயரில் பத்து, கிடைத்தது சுமார் இரண்டரை வாட். வாட் கணக்கில் வாய்ப்பந்தல் போடும் மரபு டி வகையோடு கூடவே பிறந்தது என்று இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். அக்காலத்து ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களுக்கு அந்த வேகத்தில் திறந்து மூட வலுவில்லை. மாஸ்ஃபெட் என்னும் வேகமான டிரான்சிஸ்டர்கள் மலிவாகும்வரை இந்த வகை காத்திருந்தது.

'டிஜிட்டல்' என்ற முத்திரையைப் பரப்பியதில் அமெரிக்காவின் டிரைபாத் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆத்யா திரிபாதி 1995இல் தொடங்கிய நிறுவனம் அது. தன் சில்லுகளுக்குக் 'கிளாஸ் டி' என்ற பெயர்கூடப் போதாதென்று தன் முதலெழுத்தான T-ஐச் சேர்த்து 'கிளாஸ் டீ' (Class-T) என்று சூட்டியது. தகவல் ஏட்டில் 'டிஜிட்டல் ஆடியோ ஆம்ப்ளிஃபையர்' என்றே அச்சிட்டது. பெயர் எப்படியோ, சரக்கு நல்லது. 2000களின் நடுவில் டிரைபாத் சில்லோடு வந்த சோனிக் இம்பாக்ட் டீ-ஆம்ப் (T-Amp) நாற்பது டாலருக்கும் குறைவு, பேட்டரியிலும் ஓடும் பிளாஸ்டிக் பொம்மை. ஆயிரக்கணக்கான டாலர் கருவிகளுக்குப் பழகிய காதுகள் அதைக் கேட்டு வியந்தன. டிரைபாத் 2007இல் நொடித்துப்போனது. ஆனால் அது வைத்த பெயர் சீனத்துப் பெட்டிகளில் இன்றும் வாழ்கிறது. இப்போது அந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 அல்லது அதைவிட வலிய டிபிஏ3255. அந்நிறுவனத்தின் ஏட்டில் டிபிஏ3116க்குத் தலைப்பிலேயே 'கிளாஸ் டி' என்றுதான் இருக்கிறது. செய்தவர் சொல்லாத 'டிஜிட்டல்' விற்பவர் கையில் ஒட்டிக்கொள்கிறது.

இனி வாட் கணக்கு. டிபிஏ3116 ஒரு பக்கத்துக்கு 50 வாட் தரும் என்பது பொய்யல்ல. ஆனால் அது 21 வோல்ட் மின்சாரத்தில், 4 ஓம் ஸ்பீக்கரில், ஒலி பத்து சதவீதம் சிதையும் அளவுக்கு முறுக்கியபோது கிடைப்பது. பெட்டியோடு வருவது 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் என்றால் அடாப்டரே மொத்தம் 24 வாட்தான் தரும். அதிலிருந்து 100 வாட் எப்படி வரும்? நம் வீட்டு ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் கணக்கு இன்னும் இறங்குகிறது. 12 வோல்ட்டை 12ஆல் பெருக்கி, 8 ஓமின் இரு மடங்கான 16ஆல் வகுத்தால் 9. ஒலி சிதையாமல் ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 9 வாட். அதே பெட்டிக்கு 24 வோல்ட் அடாப்டர் கொடுத்தால் 36 வாட். ஆகவே பெட்டியின் முன்பக்கத்தைப் படிக்காமல் அடாப்டரின் அடிப்பக்கத்தைப் படியுங்கள். அங்கே பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். 230 வோல்ட் சுவரோடு உறவாடும் பாகம் அது ஒன்றுதான்.

ஒன்பது வாட் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். 88 டெசிபெல் உணர்திறன் உள்ள சாதாரண ஸ்பீக்கர் ஒரு வாட்டிலேயே ஒரு மீட்டர் தொலைவில் 88 டெசிபெல் ஒலிக்கும். அதுவே பேச்சை மறைக்கும் சத்தம். வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் இரவில் பாட்டுக் கேட்பவருக்கு ஒரு வாட்டைத் தாண்டும் தருணங்கள் குறைவு. மொட்டைமாடி விருந்துக்கு இது போதாது, அது வேறு விஷயம்.

மலிவு எங்கே கடிக்கிறது என்றால், சில்லில் அல்ல, சில்லைச் சுற்றியுள்ள பாகங்களில். கம்பிச்சுருள் சிறுத்துப்போனால் தாளம் ஓங்கும் இடத்தில் அது திணறிச் சூடாகும். சில போர்டுகளில் சுருளே இராது. குட்டைக் கம்பியோடு வடிகட்டி இல்லாமலும் ஓடும் என்று சில்லைச் செய்தவர் தந்த சலுகையைக் காசு மிச்சம் பிடிக்க எடுத்துக்கொள்கிறார்கள். விளைவாக, பக்கத்தில் ஏ.எம். வானொலி வைத்தால் இரைச்சல். வடிகட்டிக்குப் பிறகு நடப்பதைப் பெரும்பாலான மலிவுப் பெட்டிகள் கண்காணிப்பதில்லை என்பதால், ஒரே பெட்டியின் உச்ச ஒலிகள் ஒரு ஸ்பீக்கரில் கூராகவும் இன்னொன்றில் மழுங்கியும் கேட்கும். ஒலியளவுக் குமிழ் இன்னொரு தொல்லை. மெல்லக் கேட்கும்போது பாடகர் இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டால் குற்றவாளி குமிழ்தான். குமிழை முக்கால் பங்கில் விட்டுவிட்டு போனிலோ கணினியிலோ ஒலியைக் குறைத்தால் பிரச்சினை தீரும்.

ஓர் எச்சரிக்கை. இந்தப் பெட்டிகளில் கறுப்பு முனை பூமியோடு சேர்ந்ததல்ல; சிவப்பைப் போலவே அதிலும் மின்குறிப்பு ஓடுகிறது. பழைய பெருக்கிப் பழக்கத்தில் இடது, வலது கறுப்புகளை ஒரே கம்பியில் முறுக்கினால் சில்லின் பாதுகாப்பு உடனே நிறுத்திவிடும், அல்லது சில்லே போய்விடும். எஸ்டிகே போர்டு, 2என்3055 டிரான்சிஸ்டர் காலத்தில் பெட்டி கட்டிப் பழகியவர்கள் இதில் தவறுவது இயல்பு.

அதே விலைக்குக் கிடைக்கும் பழைய ஏபி வகைப் பெட்டியோடு ஒப்பிட்டால், நல்ல அடாப்டரும் தடித்த கம்பிச்சுருளும் உள்ள டி வகையையே நான் எடுப்பேன். இரைச்சல் குறைவு, மின்செலவு குறைவு, இடமும் குறைவு. கையில் ஏற்கெனவே நல்ல ஏபி பெருக்கி இருப்பவர் மாற்றத் தேவையில்லை. மாற்றினால் வித்தியாசம் ஸ்பீக்கரில் கேட்பதைவிட மின்கட்டண ரசீதில்தான் தெரியும், அங்கும் சிறிதளவே. புதிதாக ஒரு தொகை ஒதுக்குபவர் அதில் பெரும்பங்கை ஸ்பீக்கருக்கு வைப்பது நல்லது.

தமிழில் எழுத வேண்டி வந்தால் 'எண்ணியல் பெருக்கி', 'இலக்கமுறைப் பெருக்கி' என்று மொழிபெயர்ப்பது ஆங்கிலத்தின் பிழையைத் தமிழுக்கும் இறக்குமதி செய்வது. கருவி செய்வது ஸ்விட்ச் போல நிலைமாற்றம்; ஆகவே 'நிலைமாற்றுப் பெருக்கி' என்பதே சரியான பெயர். இலங்கையில் ஸ்விட்சுக்கு 'ஆளி' என்ற அழகான சொல் வழக்கில் இருப்பதால் 'ஆளிப் பெருக்கி' என்றும் சுருக்கலாம். பொதுவாசகருக்கு 'டி வகைப் பெருக்கி' போதும். உண்மையாகவே எண்ணை வாங்கிப் பெருக்கும் கருவிக்கு மட்டும் 'இலக்கமுறைப் பெருக்கி'யை ஒதுக்கி வைக்கலாம். சென்னை ரிச்சி தெருக் கடைகளில் இவை எதுவும் செல்லாது. அங்கே 'கிளாஸ் டி போர்டு' என்று கேட்டு, சில்லின் எண்ணையும் வோல்ட்டையும் சேர்த்துச் சொன்னால் எடுத்துத் தருவார்கள்.