பழைய ஸ்கேனை ஃபிலிமாக மட்டும் வாங்கி வராதீர்கள்

போன மாதம் ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவருக்கு நெஞ்சு சி.டி. ஸ்கேன் எடுத்தோம். வலது நுரையீரலின் மேல்பகுதியில் 7 மில்லிமீட்டரில் ஒரு சிறு கட்டி. இப்படி ஒன்றைப் பார்த்ததும் ரேடியாலஜிஸ்ட் கேட்கும் முதல் கேள்வி, இது முன்பே இருந்ததா, வளர்ந்திருக்கிறதா என்பதுதான். இரண்டு வருடத்துக்கு மேல் அளவு மாறாமல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை.

"ரெண்டரை வருஷம் முன்னாடியே எடுத்திருக்கோம் சார்" என்று மகன் ஒரு ஜவுளிக்கடைப் பையை நீட்டினார். உள்ளே இரண்டு ஃபிலிம், ஒரு ரிப்போர்ட். ரிப்போர்ட்டில் 'வலது நுரையீரலில் மிகச் சிறிய கட்டி' என்ற ஒரே வரி. எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பகுதி, எத்தனையாவது படத்தில் தெரிகிறது, எதுவுமே இல்லை. ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டினேன். தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் வெள்ளையாக ஒரு புள்ளி. அதை எப்படி அளப்பது?

மெஷின் எடுப்பது நூற்றுக்கணக்கான படங்கள். ஃபிலிமில் ஏறுவது அதில் கொஞ்சம்தான். வாட்ஸ்அப்பில் போட்டோ பிடித்து அனுப்பினால் அளவு விவரமும் போய்விடும். அத்தனை படங்களும் அவற்றின் அளவும் தேதியும் சேர்ந்து இருப்பது டைகாம் கோப்பில். எந்தக் கம்பெனி மெஷினில் எடுத்தாலும் வேறு இடத்தில் திறந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே அமெரிக்காவில் ரேடியாலஜிஸ்டுகளும் மெஷின் தயாரிப்பாளர்களும் சேர்ந்து 1985இல் ஒரு பொது விதியை வெளியிட்டார்கள். 1993இல் அதற்கு டைகாம் என்று பெயர் வந்தது. குறுந்தகடாகவோ லிங்காகவோ அதைக் கேட்டு வாங்குங்கள். தயங்க வேண்டாம், உங்கள் உடம்பின் படம் அது.

சரி, பழைய சென்டரில் கேட்கலாம் என்று மகன் போன் செய்தார். அப்பா பெயரைச் சொன்னால் "அப்படி யாரும் இல்லையே" என்றார்கள். நம் பெயர்களில் இந்தச் சிக்கல் தினமும் வருகிறது. டைகாமில் முதலில் குடும்பப் பெயர், பிறகு சொந்தப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியலை ஒருவர் முன்னால் போடுவார், இன்னொருவர் பின்னால் போடுவார். சண்முகத்துக்கு ஆங்கிலத்தில் 'எச்' உண்டா இல்லையா என்பது அன்று டைப் செய்தவரைப் பொறுத்தது. பதிவு மேஜையில் ஒருமுறை அடித்த விவரத்தை மெஷின் தானே எடுத்துக்கொள்ளும் வசதிக்கு ஒர்க்லிஸ்ட் என்று பெயர். அதை இணைக்காமல் டெக்னீஷியன் மறுபடி கையால் அடிக்கும் சென்டர்கள் இன்னும் இருக்கின்றன. இது மாற வேண்டும். மத்திய அரசின் சுகாதார அடையாள எண்ணான 14 இலக்க ஆபா எண்ணையும் பதிவிலேயே சேர்த்துவிட்டால், பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

கடைசியில் தேதியை வைத்துத் தேடி எடுத்தார்கள். சாயங்காலம் கோப்பு வந்தது. இரண்டு ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தேன். அன்றும் 7 மில்லிமீட்டர்தான். பழைய தேதி, புதிய தேதி, இரண்டு அளவுகள், எத்தனையாவது படம் என்று எல்லாவற்றையும் ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். மகன் வெளியே பெஞ்சில் காத்திருந்தார்.