வைர விழா மோதிரம்னா என்னன்னு கடைக்காரங்களுக்கே தெரியுமா?

போன மாசம் மாயவரத்துல ஒரு நகைக்கடைக்குப் போயிருந்தோம், அக்காவுக்கும் அத்தானுக்கும் கல்யாணமாகி 25 வருஷம், அத்தான் ஒரு வைர மோதிரம் வாங்கித் தரேன்னு ரொம்ப நாளா சொல்லிட்டே இருந்தார். உள்ள நுழைஞ்சதும் கவுண்டர்ல இருந்த தம்பி சிரிச்சுக்கிட்டே "வைர விழா மோதிரமெல்லாம் இந்தப் பக்கம் சார்"னான். மேல பெரிய போர்டும் அப்படியே. அத்தான் நின்னுட்டார். "தம்பி, என்னைப் பாத்தா எம்பது வயசு மாதிரியா இருக்கு?"

அந்தத் தம்பிக்குப் புரியல, பாவம், அவன் மேல தப்பும் இல்ல. டைமண்ட் ஆனிவர்சரி ரிங்னு எங்கேயோ இருந்ததை யாரோ உக்காந்து வார்த்தைக்கு வார்த்தை மாத்தியிருக்காங்க. இதை விளம்பரத்துல பாத்தாச்சு, ரேடியோவுல கேட்டாச்சு, இப்ப கடையிலயும். இனிமே பொறுக்க முடியாது.

ஆனிவர்சரிங்கறது லத்தீன்ல ஆண்டு, திரும்புறதுங்கற ரெண்டு சொல் சேர்ந்தது, அதாவது வருஷம் சுத்தி அதே நாளுக்குத் திரும்பி வர்றது, அவ்வளவுதான், அதுல விழாவும் இல்ல கொண்டாட்டமும் இல்ல. சரி, விஷயத்துக்கு வருவோம்.

தமிழ்ல வைர விழான்னு சொன்னா அது ஏற்கெனவே ஒட்டிப்போன ஒரே சொல். 25 வெள்ளி விழா, 50 பொன்விழா, 60 வைர விழா. இந்த 60 கணக்கே விக்டோரியா ராணி 1897ல பட்டத்துக்கு வந்து 60 வருஷம்னு கொண்டாடினதுல பரவினது, அதுக்கு முன்னாடி அவங்க ஊர்ல 75க்குத்தான் வைரம். நாம அந்த 75க்கு பவள விழான்னு வெச்சுக்கிட்டோம், எத்தனையாவது கல்யாண நாளுக்கு எந்தப் பொருள்னு அவங்க வெச்சிருக்கற பட்டியல்ல பவளம் 35க்கு வரும். இது தெரியாம ஒரு மொழிபெயர்ப்பாளர் அந்தப் பட்டியலை அப்படியே தமிழாக்கினார்னா, கல்யாணமாகி 35 வருஷம் ஆனவங்க வீட்டு வாசல்ல பவள விழா பேனர் கட்டுவாங்க, தெருவே ஏதோ கட்சிக் கூட்டம்னு நினைக்கும்.

ஆக வைர விழா மோதிரம்னா 60 வருஷம் குடும்பம் நடத்தினவங்க போட்டுக்கற மோதிரம். எம்பது வயசுக்குச் செய்யற சதாபிஷேகம் தாண்டினவங்க. வைரம் மோதிரத்துல இருக்கணும்னா அந்தச் சொல்லும் மோதிரத்துக்குப் பக்கத்துலயே இருக்கணும். கும்பகோணம் பித்தளை டபராங்கறதை பித்தளை கும்பகோணம் டபரான்னு சொல்லிப் பாருங்க, ஊரே பித்தளையாயிடும்.

வேற சிலபேர் இதைவிட மோசம். ஒருத்தர் ஆண்டு விழா மோதிரம்னு எழுதறார். ஆண்டு விழான்னா ஸ்கூல்ல பிள்ளைங்க மேடையேறி ஆடறது. இன்னொருத்தர் திருமண நினைவு நாள் மோதிரமாம். ஐயா, நம்ம பக்கம் நினைவு நாள்னா போஸ்டர்ல மாலை போட்ட போட்டோவும் கண்ணீர் அஞ்சலியும்தான் ஞாபகம் வரும், அதைக் கொண்டுபோய் பொண்டாட்டி விரல்ல மாட்டுவீங்களா? ஆண்டு நிறைவுன்னா சில வீடுகள்ல குழந்தையோட முதல் பொறந்தநாள். தனித்தமிழ் அன்பர் ஒருத்தர் மணநிறைவாண்டுக் கணையாழின்னார். கணையாழி அழகான சொல்தான், அனுமார் கையில கொடுத்து அனுப்ப சரியா இருக்கும், கடையில போய்க் கேட்டா கணையாழி பத்திரிகைன்னு நினைச்சு புத்தகக் கடைக்கு வழி சொல்லுவாங்க.

என் கட்சி சிம்பிள். கல்யாண நாள் வைர மோதிரம். அழைப்பிதழ் மாதிரி கொஞ்சம் எடுப்பா வேணும்னா மணநாள் வைர மோதிரம். நாள்னு சொன்னாலே வருஷா வருஷம் வர்றதுன்னு எல்லாருக்கும் தெரியும், "இன்னிக்கி எங்க கல்யாண நாள்"னு தான சொல்றோம். வருஷம் திரும்பி வர்றதுங்கற அர்த்தத்தை நம்மளவிட யாரு கொண்டாடியிருக்கா? பொறந்த வருஷத்தோட பேரு 60 வருஷம் சுத்தி மறுபடி வர்றப்ப திருக்கடையூர்ல அபிராமி சன்னதிக்குப் போய் திரும்பவும் தாலி கட்டறவங்க நாம.

அந்தக் கடையில நித்திய மோதிரம்னு இன்னொண்ணு வேற இருந்துச்சு. விரலைச் சுத்தி முழுக்கக் கல் வெச்சது, இங்கிலீஷ்ல எடர்னிட்டியாம். அத்தான் "நித்தியபடி பூஜைக்கா?"ன்னார். சுத்துக்கல் மோதிரம்னு போட்டா குழந்தைக்கும் புரியும். அதை வாங்கவும் வேணாம்னு பக்கத்துல இருந்த பெரியவர் சொன்னார், சுத்திலும் கல் இருந்தா பின்னால விரல் பருத்தா பெருசு பண்ண முடியாதாம். கடைசியில மேல் பக்கம் மட்டும் அஞ்சு கல் வரிசையா வெச்சதுதான் எடுத்தோம். ஒவ்வொண்ணும் 10 சென்ட், நூறு சென்ட் ஒரு கேரட், ஆக மொத்தம் அரை கேரட், எடைன்னு பாத்தா 100 மில்லிகிராம்தான். அதே பில்லுல தங்கத்துக்கு 18 கேரட்னு இருக்கு. அக்கா பயந்துட்டா, 18 கேரட் வைரமான்னு! கல்லுக்கு கேரட் எடை, தங்கத்துக்கு கேரட் தரம். பத்தரை மாத்துத் தங்கம்னு வாய் நிறைய சொல்றோமே, அந்த மாத்தை தங்கத்துக்கே விட்டிருந்தா இந்தக் குழப்பம் ஏது?

கல்லுல குத்தங்குறை எவ்வளவுன்னு சொல்ற க்ளாரிட்டிக்கு தெளிவுன்னு கார்டுல அச்சடிச்சிருக்கான். தெளிவுன்னா ரசம் தெளிவு. சிலப்பதிகாரத்துல மதுரைக் கடைத்தெருவுல வைரத்துக்குக் குத்தம் சொல்றப்ப காகபாதம், களங்கம், விந்து, ஏகைன்னு ஒவ்வொண்ணுக்கும் பேரு இருக்கு. பூம்புகார்லேர்ந்து கிளம்பிப் போன கோவலன் பாத்த தெரு அது, இங்கேர்ந்து பஸ்ல போயிடலாம் பூம்புகாருக்கு. ஆனா இன்னிக்கி கேட்டலாக் எழுதறவங்களுக்கு தெளிவுக்கு மேல சொல் கிடைக்கல. எங்க பாட்டி வைரத்தோட்டை புளூ ஜாகர்னு சொல்லும், தென்னாப்பிரிக்கா ஜாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்துப் பேரு அது. பாட்டிக்கு சுரங்கமும் தெரியாது இங்கிலீஷும் தெரியாது, ஆனா எந்தக் கல்லுக்கு அந்தப் பேருன்னு பாத்ததுமே தெரியும். அந்த மாதிரி கடன் வாங்கினா நான் சண்டைக்கே வரமாட்டேன்.

பில் போட்டு முடிச்சதும் டப்பாவோட ஒரு அட்டை கொடுத்தான், தங்கக் கலர் எழுத்துல வைர விழா நல்வாழ்த்துகள்னு. நான் கிழிச்சுப் போடப் போனேன். அத்தான் பிடுங்கி சட்டைப் பையில வெச்சுக்கிட்டார், இன்னும் 35 வருஷம் கழிச்சு தேவைப்படுமாம்.