ஊட்டி, கொடைக்கானல் இ-பாஸ்: எதற்கு, எப்படி?

கோடை சீசனில் மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு சோதனைச்சாவடிக்குப் போனால், காரை ஓரங்கட்டிவிட்டுக் கைப்பேசியும் கையுமாக நிற்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். பின்சீட்டில் குழந்தைகள் வெக்கையில் சிணுங்கிக்கொண்டிருப்பார்கள். வீட்டிலேயே இ-பாஸ் எடுக்க ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் இந்தப் பாடு இல்லை.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களில் போக இ-பாஸ் எடுக்க வேண்டும். கொரோனா காலத்து இ-பாஸை நினைத்துப் பயப்பட வேண்டாம். இதற்குக் காரணம் சொல்லிக் காத்திருக்க வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் இ-பாஸ் தளத்தில் செல்போன் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டு நுழையுங்கள். வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்கல் என்று கேட்கும். நிரப்பினால் க்யூஆர் கோடுடன் பாஸ் வந்துவிடும். ஆளுக்கு ஒன்று வேண்டாம், வண்டிக்கு ஒன்று போதும். மலையில் சிக்னலை நம்பாமல் அதைப் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

சரி, இவ்வளவும் எதற்கு? சீசனில் நாளுக்குச் சுமார் 20 ஆயிரம் வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைகின்றன என்று அரசே நீதிமன்றத்தில் சொன்னது. மற்ற நாட்களில் அது 2 ஆயிரம்தான். அந்தக் குறுகலான சாலையும் குடிதண்ணீரும் யானைகளின் வழியும் பத்து மடங்கை எப்படித் தாங்கும்? அதனால் 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலை எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடும் ஆய்வை ஐஐடி மெட்ராஸிடமும் ஐஐஎம் பெங்களூருவிடமும் ஒப்படைத்தார்கள். என்னைக் கேட்டால், இதை எப்போதோ செய்திருக்க வேண்டும். வரம்பும் தேதிகளும் மாறக்கூடியவை. அறை போடுவதற்கு முன்பே பாஸ் கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

உள்ளூர்க்காரர்களின் வண்டிகளும் விளைபொருள் ஏற்றும் வண்டிகளும் இந்த வரம்புக்குள் வராது. அரசுப் பேருந்து, ரயிலுக்கும் அப்படித்தான். ஊட்டிக்குப் பாஸ் கிடைக்காதவர்கள் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறிவிடலாம், மலைக்கும் அது நல்லது.

அப்புறம், தண்ணீர் பாட்டில். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு இரண்டு இடத்திலும் தடை. சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.