ஊரடங்கில் காணாமல் போன சளி, திரும்பி வந்த கதை

"மாஸ்க் போட்டுப் போட்டே இவனுக்கு எதிர்ப்புச் சக்தி போயிடுச்சு டாக்டர்." கொரோனாவுக்குப் பிறகு குழந்தை மருத்துவர்கள் காதில் அடிக்கடி விழும் புகார் இது. பள்ளி திறந்த பிறகு பிள்ளை மாதாமாதம் சளியில் படுத்தால், பெற்றவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் நடந்தது வேறு.

ஆர்.எஸ்.வி. என்ற வைரஸையே பாருங்கள். கைக்குழந்தைகளின் மூச்சுச் சிறுகுழல்களை வீங்கவைத்து இளைப்பைக் கொண்டுவருவது இது. சாதாரணக் காலத்தில் இரண்டு வயது முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருமுறையாவது வந்துவிடும். நியூசிலாந்தில் 2020 குளிர்காலத்தில் இது தலைகாட்டவே இல்லை எனலாம். ஊரடங்கும் போட்டு, எல்லைகளையும் அடைத்திருந்தார்கள். 2021 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவுடன் தனிமைப்படுத்தல் இல்லாத போக்குவரத்து தொடங்கியது. ஜூன், ஜூலையில் குழந்தைகள் வார்டுகள் நிரம்பி வழிந்தன. மேற்கு ஆஸ்திரேலியாவில் இன்னும் விசித்திரம்: குளிர்காலத்து வைரஸ் 2020 கடைசியில், அங்கே நல்ல கோடையாக இருக்கும்போது வந்தது.

வழக்கமாக ஒவ்வொரு பருவத்திலும் புதிதாய்ப் பிறந்த பிள்ளைகள்தான் இந்த வைரஸை முதன்முதலாகச் சந்திப்பார்கள். ஒரு பருவம் தவறினால் இரண்டு வருடங்களில் பிறந்த பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறார்கள். தாய்க்கும் அண்மையில் தொற்று வராததால், வயிற்றுப் பிள்ளைக்கு அவள் கொடுக்கும் ஆன்டிபாடியும் குறைகிறது. பாக்கி நின்றதெல்லாம் மொத்தமாக வசூலானது. எதிர்ப்புச் சக்தி எங்கும் போய்விடவில்லை. சொல்லப்போனால், தள்ளிப்போனதில் ஒரு லாபமும் உண்டு. மூன்று மாதக் குழந்தைக்கு வருவதைவிட இரண்டு வயதில் வந்தால், மூச்சுக்குழல் கொஞ்சம் அகன்றிருக்கும், பிள்ளை தாங்கும்.

ஜலதோஷம் தரும் ரைனோவைரஸ் அவ்வளவாக அசரவில்லை. கொழுப்பு உறை இல்லாத வைரஸ் அது. சிதைக்க உறையே இல்லாததால், சானிடைசருக்கு மற்றவை மாதிரி எளிதில் மடங்காது. இன்னொரு பக்கம், ஃப்ளூ காய்ச்சல் தரும் இன்ஃப்ளூயன்ஸா பி வைரஸில் யமகாட்டா என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. அதனால்தான் ஃப்ளூ ஊசியில் அது இனி வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நான்கு வகைக்குப் பதில் மூன்று வகை ஊசி போடுகிறார்களே என்று யாரும் பதற வேண்டாம்.

சரி, வீட்டில் என்ன செய்வது? எல்.கே.ஜி. அக்காவுக்கு வெறும் மூக்கொழுகலாக இருப்பது, இரண்டு மாதத் தம்பிக்கு மூச்சுத்திணறலாகலாம். அவள் கை கழுவிவிட்டுத்தான் அவனைத் தொட வேண்டும். சளி இருக்கும்வரை முத்தமும் வேண்டாம். குளிப்பாட்டியதும் சாம்பிராணி காட்டும் பழக்கத்தையும் விடுங்கள், பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

குழந்தைக்கு இளைப்பது போலிருந்தால், அது அழாதபோது சட்டையைத் தூக்கி, மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமூச்சு. அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் திணறினாலோ, உதடு நீலமானாலோ, நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். போன தடவை மிச்சமான ஆன்டிபயாட்டிக் பாட்டிலைத் திறக்க வேண்டாம். வைரஸை அது ஒன்றும் செய்யாது.