கணித விளையாட்டில் டைமர் எதற்கு?

சென்ற வாரமும் ஓர் இணைப்பு வந்தது. மூன்றாம் வகுப்புக்காகத் தானே செய்த விளையாட்டைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி ஓர் ஆசிரியர் அனுப்பியிருந்தார். திறந்தவுடனே திரையின் மேலே ஒரு சிவப்புப் பட்டை குறையத் தொடங்கியது. பத்து நொடி. கீழே 52 − 37. நான்கு விடைகள்: 15, 83, 4, 60. சரியான விடையைத் தொட்டால் ஒரு சின்னப் பச்சைக் குறி. தவறானதைத் தொட்டால் பலூன் படாரென்று வெடித்து வண்ணத் துகள்கள் திரை முழுக்கப் பறக்கின்றன. ஏழெட்டு வயதுப் பிள்ளை எதைத் தொடும்? பலூனை வெடிக்கத்தான் பார்க்கும்.

பிரவுசரில் ஓடும் கணித, தர்க்க விளையாட்டுகளைச் செய்வதும், பிறர் செய்ததைச் சோதித்துக் கொடுப்பதும் என் தொழில். அந்த ஆசிரியர் இரவு கண்விழித்து உழைத்திருப்பது ஒவ்வொரு திரையிலும் தெரிந்தது. ஆனாலும் வருகிற விளையாட்டுகளில் பெரும்பாலானவை இதே வார்ப்பில்தான் இருக்கின்றன. கணக்கு என்றால் வேகம் என்ற நம்பிக்கை நமக்குள் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது.

8 + 7 என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை எட்டிலிருந்து விரல்விட்டு ஏழு முறை எண்ணும். இன்னொரு பிள்ளை ஏழிலிருந்து இரண்டை எடுத்து எட்டோடு சேர்த்துப் பத்தாக்கி, மீதி ஐந்தைக் கூட்டும். இரண்டாவது வழிக்குத்தான் பிள்ளைகள் வந்து சேரவேண்டும்; பின்னால் 48 + 7 வரும்போதும் அதுதான் கைகொடுக்கும். ஆனால் புதிதாகக் கற்ற வழி முதலில் மெதுவாகத்தான் வரும். மேலே பட்டை குறைந்துகொண்டிருந்தால் பிள்ளை அந்த வழியைக் கைவிட்டுப் பழகிய விரலுக்கே திரும்பும், இல்லையென்றால் ஏதோ ஒரு பொத்தானைத் தட்டிவிடும். யோசிக்கும் பிள்ளையைத்தான் டைமர் தண்டிக்கிறது. குருட்டாம்போக்கில் தட்டும் பிள்ளைக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை.

உடனே ஒரு பதில் வரும்: "போட்டித் தேர்வில் நேரக் கட்டுப்பாடு உண்டே, இப்போதே பழகட்டும்." அது பள்ளி முடித்தவர்கள் எழுதும் தேர்வு. இது பத்தைப் பிரிக்கக் கற்கும் வயது. "அப்படியென்றால் வாய்ப்பாடு வேண்டாமா?" என்றும் கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். பிள்ளை எவ்வளவு நேரத்தில் விடை சொல்கிறது என்று அளப்பதிலும் தவறில்லை. திரைக்குப் பின்னால் அளந்துகொள்ளுங்கள். அதற்கு இரண்டு வரி நிரல் போதும். ஐந்தாம் வாய்ப்பாட்டில் சட்டென்று சொல்லும் பிள்ளை 7 × 8 இல் தயங்கினால், சற்று நேரம் கழித்து 7 × 8 இன்னொரு முறை வரட்டும். அளந்த நேரத்துக்கு அதுதான் பயன். அதைப் பிள்ளையின் கண்முன் ஓடவிடாதீர்கள்.

இனி அந்த 52 − 37க்குக் கொடுத்த விடைகளைப் பாருங்கள். 83 கழித்தலுக்கு வரவே வராது, 60 கொடுத்த எண்ணைவிடப் பெரியது, 4 தூரத்தில் நிற்கிறது. கழிக்காமலேயே 15ஐக் கண்டுபிடித்துவிடலாம். தவறான விடைகளை ரேண்டமாக எடுத்தால் இப்படித்தான் ஆகும். பிள்ளைகள் ரேண்டமாகத் தவறு செய்வதில்லை. 2இலிருந்து 7 போகாது என்றதும் 7இலிருந்து 2ஐக் கழித்து, பத்துகளின் இடத்தில் 5இலிருந்து 3ஐக் கழித்து, 25 என்பார்கள். கடன் வாங்கிய பிறகு பத்தைக் குறைக்க மறந்த பிள்ளைக்கும் 25தான் வரும். இரண்டும் வேறு வேறு தவறுகள், விடை மட்டும் ஒன்று. ஆகவே நான் இந்தக் கணக்கையே எடுக்கமாட்டேன். 53 − 37 என்று வைத்தால் முதல் தவறு 24 தரும், இரண்டாவது 26 தரும், சரியான விடை 16. கூட்டிவிட்ட பிள்ளைக்கு 90. இப்போது பிள்ளை எதைத் தொட்டாலும் அது எங்கே இடறியது என்று தெரிந்துவிடும். 24ஐத் தொட்டதா? ஐந்து பத்துகளையும் மூன்று ஒன்றுகளையும் படமாகக் காட்டி, ஒரு பத்தை அதுவே உடைக்கட்டும். பலூனுக்குச் செலவழித்த உழைப்பை இங்கே செலவழியுங்கள்.

நிரல் எழுதுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வகுத்தலுக்கு இரண்டு எண்களைக் கண்டபடி எடுக்காதீர்கள்; முதலில் 7 × 8 = 56 என்று பெருக்கிவிட்டுப் பிறகு 56 ÷ 8 கேளுங்கள். தசமக் கணக்குகளை முழு எண்களாக மாற்றிச் சரிபாருங்கள். பிரவுசர் விளையாட்டுகளை எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 0.1 + 0.2 என்பது 0.30000000000000004 என்று வரும், 0.3 என்று சரியாக எழுதிய பிள்ளைக்கு உங்கள் விளையாட்டு 'தவறு' என்று சொல்லும். 15 எண் கட்டங்களை நகர்த்தி வரிசைப்படுத்தும் புதிரில் எண்களை ரேண்டமாகக் கலைத்தால், பாதி அமைப்புகளுக்குத் தீர்வே கிடையாது. ஜான்சன், ஸ்டோரி என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1879லேயே இதை நிறுவிவிட்டார்கள். இன்னும் அந்தத் தவறைச் செய்து, முடியாத புதிரோடு ஒரு பிள்ளையை மல்லுக்கட்ட விடுகிறார்கள். முடித்த நிலையிலிருந்து தொடங்கி, விதிப்படி நகர்த்தி நகர்த்திக் கலைத்தால் இந்தச் சிக்கலே வராது.

பொத்தான்களைப் பெரிதாக வையுங்கள், இடைவெளி விடுங்கள். பிள்ளைகள் விளையாடுவது பெரும்பாலும் பெற்றோரின் செல்போனில். சரி, தவறு என்பதை நிறத்தால் மட்டும் காட்டாதீர்கள், பச்சையும் சிவப்பும் பிரித்தறியாத பிள்ளைகள் உண்டு. விளம்பரம் வேண்டவே வேண்டாம். பெயர், பிறந்த நாள், புகைப்படம் எதையும் கேட்காதீர்கள். விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுமென்றால் அந்த விவரத்தை அதே பிரவுசரில் சேமித்தால் போதும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது; அவர்களுடைய தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பள்ளிக்காக இலவசமாகத்தானே செய்கிறோம் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன் நீங்களே ஐந்து நிமிடம் விளையாடிப் பாருங்கள், வேண்டுமென்றே தவறாக. ஒரே இடத்தில் தொடர்ந்து தட்டிக்கொண்டிருந்தாலும் நட்சத்திரம் விழுகிறதா? தவறுக்குப் பின் எதையும் காட்டாமல் அடுத்த கேள்விக்குத் தாவுகிறதா? அப்படியென்றால் மூடிவிட்டு, ஒரு பிடி புளியங்கொட்டையை எடுத்துத் தரையில் பத்துப் பத்தாக அடுக்கி, பிள்ளையோடு உட்கார்ந்து கழித்துப் பாருங்கள்.